ஒம்போதாவது விதிய மாத்துங்க: சொந்தமா சங்கம் தொடங்கப்போற திருப்பூர் டெய்லர் அக்கா தங்கச்சிங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கா தங்கச்சிங்களுக்கும், கூடவே நிக்கிற கட்டிங் மாஸ்டர், அயர்ன் மாஸ்டர் அண்ணனுங்களுக்கும்,

வணக்கமுங்க. நீங்க தொடங்கப்போற தையல் கூட்டுறவு சங்கத்துக்கு எழுதி குடுத்தனுப்புன துணைவிதி (சங்கத்தோட சட்டதிட்டம்) நகல மூணு தடவ படிச்சுட்டேன், ராத்திரி ஒருக்கா, காலைல டீ குடிக்கையில ஒருக்கா, அப்புறம் பேனாவும் கையுமா உக்காந்து ஒருக்கா. இத உங்க 41 பேருக்கு மட்டும் தனியா எழுதியிருக்கலாம், ஆனா உங்கள மாதிரியே மூடுன யூனிட்டுல இருந்து வெளிய வந்து நாமளே மிஷின் போட்டு ஓட்டுனா என்னன்னு பேசிட்டிருக்கிற ஜனம் இன்னும் ரெண்டு மூணு இடத்துல இருக்குன்னு கேள்விப்பட்டேன், அவங்களும் இதே இடத்துல வந்துதான் முட்டிக்குவாங்க, அதனால பொதுவுலயே சொல்லிடறேன்.

2025 ஆகஸ்டுல அமெரிக்காக்காரன் வரிய 50 சதவீதம் ஆக்குனப்ப இங்க ஒவ்வொரு லைனா அடங்கிப்போனத நானும் பாத்தேன். ஒன்றரை ஷிப்ட் ஓடுன இடத்துல ஒரு ஷிப்ட்டு, அப்புறம் வாரத்துல நாலு நாளு, அப்புறம் பூட்டு. எங்கயோ ஒருத்தர் கையெழுத்து போட்டதுக்கு இங்க ஓவர்லாக் மிஷின்ல உக்காந்திருக்கிற பொம்பளைக்கு வீட்டு வாடகை நின்னு போகுது. அப்படி நடுத்தெருவுல நின்ன நீங்க அழுதுட்டு கலைஞ்சு போகாம, 41 பேர் சேந்து பணம் போட்டு பழைய மிஷின விலை பேசி, வெளி கம்பெனிக்கு தைச்சுக் குடுக்கிற ஜாப் ஒர்க்குக்கு ரெண்டு எடத்துல வாய்வார்த்தையும் வாங்கிட்டீங்கன்னா அது சாதாரண காரியம் இல்ல. துணைவிதிலயும் நல்லது நெறைய இருக்கு. ஆளுக்கு ஒரு ஓட்டு, பணம் எவ்வளவு போட்டிருந்தாலும் ஒரே ஓட்டுதான்னு எழுதியிருக்கீங்க. கைமடிக்கிற ஆளுக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் சம்பளத்துல மூணு மடங்குக்கு மேல வித்தியாசம் வரக்கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. லாபத்துல ஒரு பகுதி யாருக்கும் பிரிக்காம சங்கத்துலயே நிக்கணும்னும் எழுதியிருக்கீங்க, அத எழுதுன கைக்கு ஒரு கும்பிடு.

ஆனா ஒம்போதாவது விதி. அத அப்படியே எடுத்து எழுதறேன்: "சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 41க்கு மிகாமல் இருக்கும். வேலை அதிகமாகும் காலங்களில் தேவைப்படும் ஆட்களை ஒப்பந்த அடிப்படையில் அமர்த்திக்கொள்ளலாம்." இந்த ரெண்டு வரிதான் என்னைத் தூங்க விடல. இந்த மடல் முழுக்க இத மாத்துங்கன்னு கேக்கறதுக்குத்தான்.

ஏன் அப்படி எழுதுனீங்கன்னு எனக்கு புரியாம இல்லீங்க. ஆளாளுக்கு நகைய வச்சு பணம் போட்டிருக்கீங்க, நாளைக்கு வர்றவ ஒண்ணும் போடாம பங்கு கேப்பாளோன்னு பயம். ஆர்டர் நிக்கிற மாசத்துல கூட பத்து பேருக்கு எங்கிருந்து சம்பளம் குடுக்கறதுன்னு பயம். ஷிப்மென்ட் நெருக்கத்துல நாலு நாளைக்கு ஆள் வேணும், அப்புறம் வேண்டாம், அதுக்குப்போய் உறுப்பினர் சேர்க்கை, தீர்மானம், நோட்டுல கையெழுத்துன்னு அலைய முடியுமான்னும் ஒரு கேள்வி. எல்லாம் நியாயமான பயம்தான். ஆனா நாம வேலை பாத்த எல்லா கம்பெனியிலயும் காண்ட்ராக்ட்காரன் உள்ள வந்தது இதே நியாயத்தச் சொல்லித்தான், அத மறந்துடாதீங்க.

நான் பனியன் கம்பெனிக்கு செக்கிங்குக்கு வர்றதுக்கு முன்னாடி எட்டு வருஷம் ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்துல கணக்கு எழுதுனேன், பேரு வேண்டாம். நோட்டுல பாத்தா எல்லாரும் நெசவாளிங்க, எல்லாரும் உறுப்பினர். நேர்ல போய் பாத்தா பாதிக்கு மேல தறில உக்காந்திருக்கிறது வேற ஆளு. உறுப்பினர் சங்கத்துல பாவ (தறில போடற நூல) வாங்கிட்டுப்போய் உறுப்பினர் இல்லாத இன்னொரு குடும்பத்துக்கு குடுப்பார், அவங்க புருஷன் பொண்டாட்டி ரெண்டுபேரும் ராவும் பகலுமா நெய்வாங்க, சங்கம் குடுக்கிற கூலில ஒரு பங்க இவர் எடுத்துக்கிட்டு மிச்சத்த குடுப்பார். போனஸ் வந்தா இவருக்கு, சேமிப்பு நிதி இவருக்கு, மகாசபைக்கு (உறுப்பினருங்க எல்லாரும் கூடற கூட்டத்துக்கு) போய் ஓட்டு போடறதும் இவர்தான். ஆரம்பத்துல யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல, ஒருத்தருக்கு கண்ணு மங்கிப்போச்சு, இன்னொருத்தர் பையன் வெளியூர் போயிட்டான், பாஸ்புக்க விட மனசில்ல, அவ்வளவுதான். ஆனா பத்து வருஷத்துல என்னாச்சுன்னா, கூலி உயர்வு பத்தி மகாசபைல பேசவே ஆளில்ல, ஏன்னா நெய்யிறவங்க யாரும் அந்தக் கூட்டத்துல இல்ல. கடைசில கூட்டமே நடக்கல. தீர்மான நோட்டத் தூக்கிட்டு வீடு வீடா போய் கையெழுத்து வாங்கிட்டு வந்தாங்க, நானும் சில நாள் கூடப் போயிருக்கேன், அதச் சொல்ல எனக்கு இன்னிக்கும் வெக்கமா இருக்கு. அப்புறம் நிர்வாகத்துக்கு அரசாங்கம் போட்ட தனி அலுவலர் வந்து உக்காந்தார், ஏன்னு கேக்கக்கூட யாருமில்ல.

வெளியில இருந்து யாரும் வந்து அந்த சங்கத்த கெடுக்கல. வேலை செய்யறவங்க ஒரு பக்கமும் ஓட்டு இருக்கிறவங்க இன்னொரு பக்கமுமா பிரிஞ்ச அன்னிக்கே அது முடிஞ்சுபோச்சு.

இது நம்ம ஊரு வியாதி மட்டும் இல்லீங்க, நம்ம தொழில்லயே, பஞ்சுத் தொழில்லயே ரொம்ப பழசு. இங்கிலாந்துல ராச்டேல்னு ஒரு ஊரு, 1844ல அங்க சில தொழிலாளிங்க சேந்து கலப்படம் இல்லாத மாவும் வெண்ணெயும் விக்க ஒரு கடை போட்டாங்க, உலகம் பூராவும் கூட்டுறவுன்னா அவங்க பேரத்தான் சொல்லுவாங்க. அதே ஊர்க்காரங்க 1854ல கூட்டுறவு முறையில ஒரு பஞ்சு மில்லும் ஆரம்பிச்சாங்க, மில்லுல வேலை செய்யறவங்களுக்கும் லாபத்துல பங்குன்னு விதி வச்சாங்க. மில்லு நல்லா ஓடவும் வெளி ஆளுங்க ஷேர் வாங்கி உள்ள வந்தாங்க, வேலை செய்யாத ஷேர்காரங்க கூட்டம் பெருசாச்சு, 1862ல அவங்களே ஓட்டு போட்டு தொழிலாளி பங்க ரத்து பண்ணிட்டாங்க. முறைப்படி கூட்டம் கூட்டி, முறைப்படி ஓட்டெடுத்துத்தான் செஞ்சாங்க. உங்க விதில ஷேர் வெளி ஆளுக்கு கிடையாதுன்னு எழுதியிருக்கீங்க, அந்தக் கதவ சாத்திட்டீங்க, நல்லது. ஆனா ஒம்போதாவது விதில கொல்லைக் கதவு தெறந்து கெடக்குது. ஓட்டில்லாத வேலைக்காரங்க அது வழியா வருவாங்க.

இப்ப மோண்ட்ராகன் கதைய கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா உங்க நகலோட முதல் பக்கத்துலயே "மோண்ட்ராகன் வழியில்"னு எழுதியிருக்கீங்க. ஸ்பெயின்ல பாஸ்க் மலைநாட்டுல அது ஒரு சின்ன ஊரு. உள்நாட்டுப் போர் முடிஞ்சு ஜனம் பசியில கெடந்தப்ப, 1941ல ஹோசே மரியா அரிஸ்மெண்டியாரியெத்தான்னு ஒரு இளம் பாதிரியார் அங்க வந்தார், சின்ன வயசுலயே ஒரு கண்ணு போனவர். வந்து ரெண்டு வருஷத்துல ஒரு தொழிற்பள்ளிக்கூடம் தொடங்குனார். அதுல படிச்ச அஞ்சு பேர் 1956ல ஒரு பட்டறை ஆரம்பிச்சாங்க, மண்ணெண்ணெய் அடுப்பு செய்யற பட்டறை. 1959ல சொந்தமா ஒரு பேங்க். இன்னிக்கு 70,000 பேருக்கு மேல வேலை செய்யற பெரிய குழுமம் அது. அங்க ஒவ்வொரு உறுப்பினரும் உள்ள வரும்போது சுமாரா 15,000 யூரோ போடணும், கையில இல்லாதவங்க மாசாமாசம் சம்பளத்துல கட்டிக்கலாம். அந்தப் பணம் அவங்க பேர்ல தனிக் கணக்குல நிக்கும், ஓட்டு மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான். மேனேஜர் சம்பளத்துக்கும் அடிமட்ட சம்பளத்துக்கும் முதல்ல மூணு மடங்குதான் வித்தியாசம், இப்ப ஆறு மடங்கு வரைக்கும் போகுது. மத்த உலகத்தப் பாத்தா ஆறு மடங்குங்கறதே ஆச்சரியம்தான், இருந்தாலும் மூணுல இருந்து ஆறுக்கு அது எப்படி நகர்ந்துச்சுங்கறதயும் மனசுல வச்சுக்கோங்க. பெரிய கம்பெனிங்க நல்ல இன்ஜினியர கொத்திட்டு போறாங்க, நாமளும் சம்பளத்த ஏத்துனாத்தான் நிப்பாங்கன்னு சொல்லிச் சொல்லியே ஏறுச்சு.

இந்த மோண்ட்ராகன்ல ஃபாகோர்னு ஒரு கூட்டுறவு, வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், அடுப்பு செய்யறது, அந்த அஞ்சு பேர் தொடங்குன பட்டறையோட நேர் வாரிசு. ஐரோப்பா சந்தை ஒண்ணாகி ஆசியாவுல இருந்து மலிவு சரக்கு வந்து இறங்குனதும், நாமளும் பெருசானாத்தான் தாக்குப்பிடிக்க முடியும்னு முடிவு பண்ணாங்க. 1999ல போலந்துல ஒரு ஃபேக்டரி, 2005ல பிரான்ஸ்ல பிராந்த்ங்கற பெரிய கம்பெனி, இதுபோக மொராக்கோ, சீனான்னு வாங்கிப் போட்டாங்க. வாங்கறதுக்கு கடன். கடைசில மொத்தம் 5,000 பேருக்கு மேல வேலை செஞ்சாங்க, அதுல பாஸ்க் நாட்டு உறுப்பினருங்க 2,000 பேருக்கு கிட்டதான். மத்தவங்க எல்லாம் கூலி ஆளு. அவங்களுக்கு ஓட்டு கிடையாது, பங்கு கிடையாது, மோண்ட்ராகன் கொள்கைன்னு செவத்துல எழுதிவச்சது எதுவும் அவங்களுக்கு பொருந்தாது. ஒரு ஊர்ல ஓனர், இன்னொரு ஊர்ல கூலி, ரெண்டும் ஒரே கம்பெனி.

2008ல ஸ்பெயின்ல வீட்டுமனை வியாபாரம் படுத்துச்சு, புது வீடு இல்லன்னா புது ஃபிரிட்ஜும் இல்ல. உறுப்பினருங்க சம்பளத்த குறைச்சுக்கிட்டாங்க, மத்த கூட்டுறவுங்க பணம் குடுத்து தாங்குனாங்க, கோடி கோடியா தாங்குனாங்க. 2013 அக்டோபர்ல இனி முடியாதுன்னு கைய விரிச்சாங்க, ஃபாகோர் திவால் ஆச்சு. ஓட்டு இல்லாததாலதான் விழுந்துச்சுன்னு நான் சொல்ல வரல, விழுந்தது கடனாலயும் சந்தையாலயும்தான், அத தப்பா சொல்லக்கூடாது. ஆனா விழுந்த அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு பாருங்க. பாஸ்க் உறுப்பினருங்களுக்கு வேற கூட்டுறவுல வேலை தேடிக் குடுத்தாங்க, வயசானவங்களுக்கு முன்கூட்டியே ஓய்வு குடுத்தாங்க. இது பெரிய விஷயம்ங்க, எந்த முதலாளி கம்பெனியும் இப்படிச் செய்யாது, நான் அத மனசார மதிக்கிறேன். போலந்துல வேலை செஞ்சவங்களுக்கு அந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. அதே கம்பெனிக்கு, அதே மாதிரி வாஷிங் மெஷின பூட்டுனவங்கதான். உறுப்பினருங்களும் தப்பிச்சுக்கிட்டாங்கன்னு சொல்ல முடியாது, ஃபாகோர்ல போட்டு வச்சிருந்த சேமிப்பு நெறைய பேருக்கு போயிருச்சு.

இன்னொண்ணும் இருக்கு. 1974லயே அந்த முதல் பட்டறையில ஒரு ஸ்ட்ரைக் நடந்துச்சு. வேலைக்கு மார்க் போட்டு சம்பளம் பிரிக்கிற புது முறை கொண்டுவந்தாங்க, அது சரியில்லன்னு சொந்த சங்கத்துக்கு எதிராவே உறுப்பினருங்க வேலைய நிறுத்துனாங்க. முன்னாடி நின்ன 17 பேர நீக்கிட்டாங்க. சில வருஷம் கழிச்சு அவங்க திரும்பி வரலாம்னு ஓட்டு போட்டு கூப்பிட்டாங்க. இத ஏன் சொல்றேன்னா, ஓட்டு இருந்தா மட்டும் எல்லாம் சரியாயிராது. மிஷின்ல உக்காந்திருக்கிறவளோட முதுகு வலி, நிர்வாகக் குழுல உக்காந்தவளுக்கு ஆறு மாசத்துல மறந்து போயிடும், நேத்து வரைக்கும் பக்கத்து மிஷின்ல இருந்தவளா இருந்தாலும் மறந்து போயிடும், ஏன்னா இப்ப அவ தலையில ஷிப்மென்ட் தேதி இருக்கு. அதனால நிர்வாகக் குழு தனி, தொழிலாளி குறைய மட்டும் பேசறதுக்கு தேர்ந்தெடுத்த ஒரு சின்னக் குழு தனின்னு ரெண்டும் வேணும். மோண்ட்ராகன்ல அப்படி ஒண்ணு ஆரம்பத்துல இருந்தே இருக்கு, 1974ல அது சரியா பேசாம போனதுதான் குறை. உங்க நகல்ல அது இல்ல. மூணு பேர் போதும், லைனுக்கு ஒருத்தர், அயர்ன் பேக்கிங்குக்கு ஒருத்தர். சேத்துக்கோங்க.

"அக்கா, அவங்க எங்க, நாங்க எங்க, 41 பேருக்கு இவ்வளவு பெரிய கதையா"ன்னு நீங்க கேப்பீங்க. போலந்து வேண்டாம், நம்ம ஊருலயே ஒரு மாசத்த நெனச்சுப் பாருங்க. பையர், அதான் ஆர்டர் குடுக்கிறவன், சாம்பிள் ஓகே பண்ண மூணு வாரம் இழுப்பான், டெலிவரி தேதிய மட்டும் நகத்த மாட்டான். துணி சாயப்பட்டறையில இருந்து லேட்டா வரும். மிச்சம் இருக்கிறது ஒம்போது நாள், பீஸ் இருபதாயிரம். லேட்டானா ஏர்ல அனுப்பணும், அந்த செலவு நம்ம தலையில, இல்லாட்டி டெபிட் நோட்டு போட்டு நம்ம பில்லுல பணத்த கழிச்சுருவான். அன்னிக்கு ராத்திரி ஒரு காண்ட்ராக்ட்காரர் போன் பண்ணுவார், "இருபது ஆளு இருக்கு, பீஸுக்கு இவ்வளவு"ன்னு. உங்க ரேட்ட விட கம்மியா இருக்கும். அந்த இருபது பேர் வந்து தைப்பாங்க, ஷிப்மென்ட் போகும், எல்லாருக்கும் நிம்மதி. அடுத்த ஆர்டருக்கு காஸ்டிங், அதான் பீஸுக்கு என்ன செலவாகும்னு கணக்கு, போடும்போது யாரோ ஒருத்தர் சொல்லுவாங்க, நாம தைச்சா பீஸுக்கு இவ்வளவு ஆகுது, அவங்க தைச்சா கம்மிதானேன்னு. ரெண்டே வருஷம், நீங்க 41 பேரும் சூப்பர்வைசர் ஆயிருப்பீங்க. வருஷக் கடைசில லாபம் பிரிக்கும்போது அந்தப் பணம் யாரோட முதுகுல இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சும் வாங்கிக்குவீங்க. நீங்க கெட்டவங்கன்னு நான் சொல்லல, உங்கள எனக்கு நல்லா தெரியும். விதி அப்படி இருந்தா நல்லவங்களும் அப்படித்தான் போவாங்க, அந்த நெசவாளர் சங்கத்துல நான் பாத்தவங்களும் நல்ல ஜனம்தான்.

ஸ்பெயின் நாட்டு கூட்டுறவு சட்டத்துலயே இதுக்கு ஒரு கடிவாளம் போட்டிருக்காங்க, உறுப்பினர் இல்லாத ஆளுங்க செய்யற வேலை நேரம் உறுப்பினருங்க செய்யற நேரத்துல 30 சதவீதத்த தாண்டக்கூடாதுன்னு. வெளிநாட்டு ஃபேக்டரி தனிக் கம்பெனிங்கறதால அந்த கடிவாளம் அங்க எட்டல. எட்டாத எடத்துக்குத்தான் வேலையும் போச்சு.

கதவ சாத்தாம நின்னவங்களும் இருக்காங்க, அதுவும் பக்கத்துலயே. கண்ணூர்ல தினேஷ் பீடி. 1966ல பீடித் தொழிலாளிங்களுக்குன்னு ஒரு சட்டம் வந்துச்சு, அத கேரளாவுல அமல்படுத்தப் போறாங்கன்னதும், லீவு, நியாயமான கூலி எல்லாம் குடுக்கணுமேன்னு மங்களூர்ப் பக்கத்து பெரிய பீடி முதலாளிங்க கண்ணூர் வேலைய மூடிட்டு போயிட்டாங்க. சுமாரா 12,000 பேர் ஒரேயடியா தெருவுக்கு வந்தாங்க. 1969 பிப்ரவரில அவங்களே கூட்டுறவு தொடங்குனாங்க, ஷேர் பணத்துக்கு அரசாங்கம் கடன் குடுத்து உதவுச்சு. முதல்ல 3,000 பேருக்குத்தான் வேலை குடுக்க முடிஞ்சுது. இந்த எடத்த கவனிங்க, 3,000 பேரோட போதும்னு அவங்க விதி எழுதல. வியாபாரம் ஏற ஏற மத்தவங்கள உள்ள எடுத்துட்டே போனாங்க, உச்சத்துல 42,000 பேர். குறைந்தபட்ச கூலி, பஞ்சப்படி, பி எஃப், போனஸ், பிரசவ லீவு எல்லாம் குடுத்தாங்க. இந்தப் பக்கம் தனியார் கம்பெனிங்க வீடு வீடா இலையும் தூளும் குடுத்து திண்ணையில உக்காந்து சுத்த வச்சுட்டிருந்த காலத்துல.

அப்புறம் காலம் மாறுச்சு, புகை பிடிக்கிறது தப்புன்னு ஆச்சு, 1999ல கேரளா ஹைகோர்ட்டு பொது இடத்துல புகைக்கறதயே தடை பண்ணுச்சு. பீடி வியாபாரம் சரிஞ்சுது, சரியத்தான் வேணும், நானும் அத வரவேற்கிறேன். அவங்க என்ன பண்ணாங்க? மசாலாத்தூள், தேங்காப்பால், குடை, சாப்ட்வேர், ஏன் நம்ம தொழிலு ரெடிமேட் கூட, ஒவ்வொண்ணா ஆரம்பிச்சு ஆள மாத்திவிட முயற்சி பண்ணாங்க. 42,000 பேரையும் காப்பாத்த முடியல, சங்கம் ரொம்ப சுருங்கிப்போச்சு, அத மறைக்க வேண்டியதில்ல. ஆனா ஆரம்பத்துல கதவ சாத்தாம இருந்ததாலதான் அத்தன பேர் உள்ள வர முடிஞ்சுது.

மலபார் பீடிப் பட்டறைல இன்னொரு வழக்கம் உண்டு, அத நெனச்சாலே எனக்கு சந்தோசமா இருக்கும். எல்லாரும் பீடி சுத்தும்போது ஒருத்தர் மட்டும் சத்தமா பேப்பர் படிப்பார், கதை படிப்பார். அவர் சுத்த வேண்டிய பீடிய மத்தவங்க ஆளுக்கு கொஞ்சமா சேத்து சுத்திக் குடுத்துருவாங்க, அவர் கூலி கெடாது. பள்ளிக்கூடமே போகாத தொழிலாளி நாட்டு நடப்பு பேசுனது அப்படித்தான். இத நீங்க எடுத்துக்கணும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வாரத்துக்கு ஒரு நாள், ஒருத்தர் எழுந்து நின்னு காஸ்டிங் ஷீட்ட படிக்கணும். துணி இவ்வளவு, நூல் இவ்வளவு, நம்ம கூலி இவ்வளவு, பையர் குடுக்கிற ரேட் இவ்வளவு, பேங்குல இருப்பு இவ்வளவு. புரியலன்னா மறுபடியும் படிக்கணும். மிஷின் சத்தம் இல்லாத அந்த அரை மணி நேரம், வருஷத்துக்கு ஒரு நாள் கூடற மகாசபைய விட பெருசு. கணக்கு தெரியாதவ போடற ஓட்டு, தலைவி கைய பாத்து போடற ஓட்டாத்தான் இருக்கும்.

அர்ஜென்டினாவ ஒரே ஒரு வார்த்தை சொல்லிடறேன், ஏன்னா அது தையல்காரப் பொம்பளைங்க கதை. 2001 டிசம்பர் 18ந்தேதி, புவனஸ் ஐரஸ்ல புரூக்மன்னு கோட்டு சூட்டு தைக்கிற ஃபேக்டரி, சம்பளம் வரும் வரும்னு காத்திருந்து ஓனர் வராததால, பெரும்பாலும் பொம்பளைங்களா இருந்த அந்த தொழிலாளிங்க அங்கயே தங்கிட்டாங்க, அப்புறம் அவங்களே மிஷின ஓட்ட ஆரம்பிச்சாங்க. 2003 ஏப்ரல்ல போலீஸ் வந்து வெளிய தள்ளுச்சு, தெருவுல டென்ட் போட்டு உக்காந்தாங்க, அந்த வருஷமே நகர சட்டமன்றம் ஃபேக்டரிய அவங்க கூட்டுறவுக்குன்னு எடுத்துக் குடுத்துச்சு. சங்கத்துக்கு அவங்க வச்ச பேரு டிசம்பர் 18. நம்ம ஊருலயும் 1984ல பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைய நிறுத்துன ஜனம் இருந்துச்சு, உங்கள்ல சில பேரோட அப்பா அதுல இருந்திருப்பார். அவங்க எல்லாருக்காகவும் கேட்டாங்க, தெரிஞ்ச நாப்பது பேருக்கு மட்டும்னு கேக்கல.

சரி, எதிர்த்து மட்டும் பேசிட்டு போனா நல்லாயிருக்காது, ஒம்போதாவது விதிக்கு பதிலா என்ன எழுதலாம்னு யோசிச்சத சொல்றேன். எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டாம். யார் வந்தாலும் ஆறு மாசம் கூட வேலை செய்யட்டும், ஆறு மாசம் முடிஞ்சதும் அவங்கள உறுப்பினரா எடுக்கறதா இல்லையான்னு கூட்டத்துல ஓட்டு, எடுக்கலன்னா அதே வேலைக்கு அவங்கள தொடர்ந்து கூலியா வச்சுக்கக் கூடாது, இதுதான் முக்கியம். ஷேர் பணம் நீங்க போட்ட அளவுதான், ஆனா மாசாமாசம் சம்பளத்துல கட்டிக்கட்டும், அப்ப ஒண்ணும் போடாம பங்கு கேக்கறாங்கற பேச்சு வராது. அந்த ஆறு மாசத்துலயும் அதே பீஸ் ரேட், அதே டீ, அதே போனஸ். ஷிப்மென்ட் நெருக்கத்துல தற்காலிக ஆளு வேணும்னா எடுத்துக்கலாம், வருஷத்துல மொத்த வேலை நேரத்துல பத்துல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது, காண்ட்ராக்ட்காரர் வழியா இல்லாம நேரா சம்பளம் குடுக்கணும். ஆளு கம்மியா இருக்கே ஆர்டர் கைவிட்டு போகுதேன்னா, போகட்டும்ங்க. முடியாத தேதிக்கு ஒத்துக்கறதுதான் எல்லா கேட்டுக்கும் ஆரம்பம். அதனால இவ்வளவு பீஸுக்கு மேல உள்ள ஆர்டர எடுக்கறதா வேண்டாமான்னு லைன்ல உக்காந்தவங்ககிட்ட கேட்டுத்தான் கையெழுத்து போடணும்னு ஒரு வரி சேருங்க, உங்களால ஒரு நாளைக்கு எத்தன பீஸ் முடியும்னு உங்களுக்குத்தான் தெரியும்.

ஆர்டர் இல்லாத மாசம் வருமே, அதுக்கு என்ன? யாரையும் நிறுத்தாம இருக்கிற வேலைய பிரிச்சுக்கறதுதான். நாலு நாள் வேலைன்னா எல்லாருக்கும் நாலு நாள், தலைவிக்கும் நாலு நாள். அந்த மாசத்துக்குன்னு தனியா ஒரு நிதி, நல்ல மாசத்துல பீஸுக்கு கொஞ்சம்னு பிடிச்சு வைக்கணும். மோண்ட்ராகன்ல ஒரு சங்கம் படுத்தா ஆள இன்னொரு சங்கத்துக்கு அனுப்புனாங்களே, நமக்கு அனுப்ப இன்னொரு சங்கம் இல்ல, அதனாலதான் மத்த யூனிட் ஜனமும் இத படிக்கட்டும்னு பொதுவுல எழுதறேன். நீங்க ரெண்டு மூணு சங்கமா இருந்தா நெருக்கத்துல ஆளும் மிஷினும் ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கலாம், காண்ட்ராக்ட்காரருக்கு போன் பண்ண வேண்டியே வராது. அப்புறம் ஒரே பையர நம்பாதீங்க, வேலையில பாதிக்கு மேல ஒரே எடத்துல இருந்து வந்தா உங்க கூட்டத்துல எடுக்கிற முடிவெல்லாம் அவன் கைக்கு போயிடும். கவர்மெண்ட் ஸ்கூல் யூனிபார்ம் தைக்கிற மகளிர் தையல் சங்கங்கள் நம்ம மாநிலத்துல இருக்கு, அந்த வேலைக்கும் கேட்டுப் பாருங்க, நம்ம காதர்பேட்டை மார்க்கெட்டுல விக்கிற உள்ளூர் சரக்கும் கொஞ்சம் தையுங்க, அமெரிக்கா ஒண்ணு மட்டும்தான் சந்தைன்னு இருக்க வேண்டாம்.

இன்னொண்ணு, கெஞ்சிக் கேக்கறேன், வரவேண்டிய பி எஃப், கிராஜுவிட்டி பணம் முழுசையும் சங்கத்துல போட்றாதீங்க. ஃபாகோர்காரங்க சேமிப்பு போன கதைய இப்பத்தான் சொன்னேன். வேலையும் சேமிப்பும் ஒரே எடத்துல இருந்தா, ஒண்ணு போறப்ப ரெண்டும் போயிடும். பாதி உங்க பேர்ல போஸ்ட் ஆபீஸ்ல கெடக்கட்டும்.

கடைசியா அந்த மூணு ஒடிசா பொண்ணுங்க. பழைய யூனிட்டுல உங்ககூட அதே பேட்லாக் (ஃபிளாட்லாக்) தையல் மிஷின் லைன்ல நாலு வருஷம் உக்காந்தவங்க, மூணு மாச சம்பள பாக்கி அவங்களுக்கும்தான். 41 பேர் பட்டியல்ல அவங்க பேரு இல்ல. கேட்டதுக்கு "அவங்க ஊருக்கு போயிருவாங்கக்கா"ன்னு சொன்னீங்க. போகலாம். நீங்களும் மதுரையில இருந்தும் தேனியில இருந்தும் திண்டுக்கல்ல இருந்தும் வந்தவங்கதான், நாப்பது வருஷத்துக்கு முன்னாடி உங்க அம்மாவுக்கு இங்க வீடு வாடகைக்கு குடுக்க யோசிச்சவங்க இதே வார்த்தையத்தான் சொன்னாங்க. அவங்க ஊருக்குப் போனா ஷேர் பணத்த கணக்கு பாத்து குடுத்து அனுப்புங்க, உங்கள்ல ஒருத்தர் போனாலும் அதத்தான செய்யப்போறீங்க.

ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு கூட்டம்னு சொன்னீங்க, நான் ஒம்பதரைக்கே வந்துடறேன். ஒம்போதாவது விதிய தனியா எடுத்து ஓட்டுக்கு விடுங்க, மத்ததோட சேத்து மொத்தமா கை தூக்க வேண்டாம். கை தூக்காம சீட்டுல எழுதிப் போடுங்க, பக்கத்துல இருக்கிறவங்க மொகத்த பாக்காம போடட்டும். அந்த மூணு பேரையும் கண்டிப்பா வரச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு செக்கிங் பையனுக்கு ஒடியா நல்லா வரும், அவனக் கூட்டிட்டு வர்றேன், துணைவிதி முழுசையும் அவங்களுக்கு சத்தமா படிச்சுச் சொல்லட்டும், அதுக்கு ஒரு மணி நேரம் ஆகும், அந்த ஒரு மணி நேரம் நாம எல்லாரும் உக்காந்திருக்கலாம். டீ நான் வாங்கியாறேன்.

அன்போட,
உங்க பழைய செக்கிங் அக்கா